இரண்டாம் ஆண்டும் வருகிறவர்கள்: பொறியியல் மாணவியர் சங்கங்கள் குறித்து

1940ஆம் ஆண்டு, கிண்டிப் பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் படிக்க அய்யலசோமயாஜுல லலிதா சேர்ந்தார். 15 வயதில் திருமணம். 18 வயதில் கணவரின் மரணம். அப்போது கையில் நான்கு மாதக் குழந்தை. தந்தை பப்பு சுப்பா ராவ் அதே கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். மகளைச் சேர்த்துக்கொள்ளும்படி அவர் கேட்டார். முதல்வர் கே.சி. சாக்கோவும் அன்றைய பொதுக்கல்வி இயக்குநர் ஆர்.எம். ஸ்டாதமும் ஒப்புக்கொண்டார்கள். ஆண்களுக்கென்றே நடந்துவந்த கல்லூரிக்குள் ஒரு பெண் நுழைந்தார்.

உடன் படித்தவர்களால் அவருக்குத் தொல்லை இருக்கவில்லை என்றே அவரைப் பற்றிய வரலாறுகள் சொல்கின்றன. இருந்தும் விடுதியில் அவர் தனி. குழந்தை உறவினர் வீட்டில் வளர்ந்தது. வார இறுதியில் போய்ப் பார்த்து வருவார். மற்ற நாட்களில் வகுப்பு முடிந்தபின், புரியாத ஒரு கணக்கைப் பற்றியோ பேராசிரியர் ஒருவரின் கெடுபிடியைப் பற்றியோ சாதாரணமாகப் பேசிக்கொள்ள இன்னொரு பெண் அங்கே கிடையாது. இதற்குக் கல்லூரி கண்ட தீர்வுதான் கவனிக்கத்தக்கது. பெண்களும் சேரலாம் என்று விளம்பரம் செய்தார்கள். மறு ஆண்டு கேரளத்திலிருந்து பி.கே. திரேசியா, லீலாம்மா ஜார்ஜ் இருவரும் சிவில் பிரிவில் சேர்ந்தார்கள். மூவரும் படிப்பை முடித்தபோது, பட்டச் சான்றிதழில் ‘அவன்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லே அச்சாகியிருந்தது. அதை அடித்துவிட்டு ‘அவள்’ என்று கையால் எழுத வேண்டியிருந்தது.

பெண்களுக்கான பொறியியல் மாணவர் சங்கம் என்று இன்று நாம் சொல்லும் அமைப்பின் கரு அந்த விளம்பரத்தில் இருக்கிறது. ஏற்கெனவே உள்ளே இருக்கும் ஒருத்தி தாக்குப்பிடிக்க வேண்டும். அதற்காகவே இன்னும் இருவரை அழைத்தார்கள். ஆள் சேர்ப்பதும் சேர்ந்தவரைத் தக்கவைப்பதும் அங்கே ஒரே வேலையாக இருந்தன. இன்றைய சங்கங்கள் இவ்விரண்டையும் பிரித்துவிட்டன. சேர்ப்பதற்கு ஒரு நாள் குறிக்கப்படுகிறது, மேசை போடப்படுகிறது, படிவம் நிரப்பப்படுகிறது. தக்கவைப்பதற்கு நாளும் கிடையாது, ஆளும் கிடையாது. மாணவியர் சங்கங்கள் ஏன் ஆண்டுதோறும் பூஜ்யத்திலிருந்து தொடங்க நேர்கிறது என்ற கேள்விக்கு விடை இந்தப் பிளவில்தான் இருக்கிறது.

ஒரே ஆண்டில் பிறந்த இரு சங்கங்கள்

1919இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஹில்டா கவுண்ட்ஸ், எல்சி ஈவ்ஸ், லூ ஆல்டா மெல்டன் ஆகிய மாணவியர் ஒரு முயற்சியில் இறங்கினார்கள். பெண் பொறியாளர்களுக்கும் கட்டடக் கலைஞர்களுக்கும் நாடு தழுவிய அமைப்பு ஒன்று வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். உங்கள் கல்லூரியில் பெண்கள் படிக்கிறார்களா என்று கேட்டுப் பல பொறியியல் கல்லூரிகளுக்குக் கடிதம் எழுதினார்கள். உறுப்பினரைத் தேடிப் போன முறை அது. இருப்பவர்கள் எத்தனை பேர், எங்கே இருக்கிறார்கள் என்பதையே முதலில் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஆனால் அந்த அமைப்பு நிலைக்கவில்லை. தொடங்கியவர்கள் பட்டம் பெற்று வேலைக்குப் போனார்கள். எல்சி ஈவ்ஸ் 1927இல் அமெரிக்க சிவில் பொறியாளர் கழகத்தில் உறுப்புரிமை பெற்றுப் பெயர் பெற்றார். அவர் தொடங்கிவைத்த சங்கமோ மங்கிப்போனது.

அதே 1919இல், ஜூன் 23 அன்று, லண்டனில் மகளிர் பொறியியல் சங்கம் தோன்றியது. முதல் உலகப் போரின்போது வெடிமருந்து ஆலைகளிலும் இயந்திரப் பட்டறைகளிலும் ஆண்களின் இடத்தில் வேலை பார்த்த பெண்களை, போர் முடிந்ததும் பழைய வழக்கத்தை மீட்பது என்ற பெயரில் சட்டம் போட்டே வெளியேற்றினார்கள். அந்தச் சூட்டில் கேத்தரின் பார்சன்ஸ், அவர் மகள் ரேச்சல் பார்சன்ஸ் உள்ளிட்ட எழுவர் தொடங்கிய சங்கம் இது. இன்றும் இயங்குகிறது.

ஒன்று மறைந்து மற்றொன்று ஏன் நூறாண்டைக் கடந்தது? ஆர்வத்தில் கொலராடோ மாணவியர் குறைந்தவர்கள் இல்லை. லண்டன் சங்கத்துக்குச் செல்வமும் செல்வாக்கும் உள்ள குடும்பங்களின் துணை இருந்தது உண்மைதான். அதைவிட முக்கியமாக, அங்கே செயலர் என்ற பணிக்கென ஒருவரை அமர்த்தினார்கள். அவர்தான் கரோலின் ஹாஸ்லெட். அந்த ஆண்டே ஒரு இதழும் தொடங்கினார்கள். உறுப்பினர் யார், எந்த ஊரில், என்ன வேலையில் இருக்கிறார் என்று ஒருவர் மேசையில் தொடர்ந்து பதிவாகிக்கொண்டிருந்தது. கூட்டத்துக்கு வர முடியாதவர் வீட்டுக்கும் இதழ் போய்ச் சேர்ந்தது. கொலராடோவில் சங்கத்தின் நினைவு முழுவதும் மாணவியரின் மனத்தில் இருந்தது. அவர்களோடு பட்டம் பெற்று வெளியேறிவிட்டது.

மாணவர் சங்கம் எதற்கும் இயல்பாகவே உள்ள நோய் இது. நான்கு ஆண்டுப் படிப்பில் ஆண்டுக்குக் கால்வாசிப் பேர் போய்விடுவார்கள். முதலாண்டில் இடம் புரியாது. கடைசி ஆண்டில் வேலைவாய்ப்புத் தேர்வுகளும் புராஜெக்ட்டும் ஆளை விழுங்கிவிடும். ஒரு மாணவி சங்கத்துக்கு உண்மையில் தரக்கூடியது நடுவிலுள்ள இரண்டே ஆண்டுகள். ஆகவே சங்கத்துக்குள் பட்டம் பெற்றுப் போகாத ஏதாவது ஒன்று இருந்தாக வேண்டும்.

1950 மே 27 அன்று அமெரிக்க மகளிர் பொறியாளர் சங்கம் முறையாகத் தொடங்கியபோது இந்தப் பாடம் ஓரளவு கைவந்திருந்தது. அதற்கு முன்பே பிலடெல்பியாவின் டிரெக்சல் கல்லூரி மாணவியர் கூடிப் பேசத் தொடங்கியிருந்தார்கள். நியூயார்க், பாஸ்டன், வாஷிங்டன் நகரங்களில் வேலை பார்த்த பெண் பொறியாளர்களும் தனித்தனியாகச் சந்தித்துவந்தார்கள். கூப்பர் யூனியன் கல்லூரிக்கு நியூஜெர்சியில் இருந்த முகாமில் இவர்கள் ஒன்றுகூடி, பியட்ரிஸ் ஹிக்ஸைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். கல்லூரிக் கிளைகள் பின்னர் இந்த அமைப்பின் நிழலில் வளர்ந்தன. கிளையில் ஒரு தலைமுறை வெளியேறினாலும் தாய்ச்சங்கம் இருந்தது; வெளியேறியவர் அதே சங்கத்தில் வேறொரு வாசல் வழியே மறுபடி நுழைய முடிந்தது.

அந்நாளில் தனிச் சங்கம் தேவையா என்ற கேள்வியே எழவில்லை. பொதுச் சங்கங்களின் கதவு மூடியிருந்தது. அமெரிக்கப் பொறியியல் மாணவரில் சிறந்தவர்களைச் சேர்த்துக்கொள்ளும் டௌ பீட்டா பை என்ற கௌரவச் சங்கம், தகுதி பெற்ற மாணவியருக்கு 1936 முதல் ஒரு பதக்கம் மட்டும் தந்தது. உறுப்புரிமை தர 1969 வரை காத்திருந்தது. மதிப்பெண் போதும், ஆள் வேண்டாம் என்பதன் வடிவம்தான் அந்தப் பதக்கம்.

போகிறவர்கள் சொன்னது

கதவு திறந்தபின் சிக்கல் உள்ளே இடம் மாறியது. சேர்ந்தவர்கள் படிப்பை விட்டுப் போகத் தொடங்கினார்கள். மதிப்பெண் குறைந்தவர்கள்தான் போகிறார்கள் என்ற எளிய விளக்கம் நெடுநாள் நிலவியது. எலைன் செய்மர், நான்சி ஹெவிட் இருவரும் 7 கல்வி நிறுவனங்களில் அறிவியல், கணிதம், பொறியியல் மாணவர்கள் 335 பேரிடம் பேசி 1997இல் வெளியிட்ட ஆய்வு அந்த விளக்கத்தைத் தகர்த்தது. விட்டுப் போனவர்களும் தங்கியவர்களும் திறமையில் பெரிதாக வேறுபடவில்லை. பாடம் நடத்தும் முறை, ஆலோசனை கேட்க ஆளில்லாமை, ஒருவரையொருவர் வெட்டி முன்னேறும் வகுப்புச் சூழல் ஆகியவற்றை இரு தரப்பாருமே குறையாகச் சொன்னார்கள். ஒரே வெயில், சிலருக்கு மட்டும் குடை கிடைத்தது.

அந்தக் குடை யாருக்குக் கிடைக்கிறது என்பதை பிட்ஸ்பர்க்கிலுள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் தெளிவாகக் காணலாம். 1995இல் அதன் கணினி அறிவியல் பட்டப்படிப்பில் புதிதாகச் சேர்ந்தவர்களில் பெண்கள் 7 விழுக்காடு. ஜேன் மார்கோலிஸும் ஆலன் ஃபிஷரும் நான்கு ஆண்டுகள் மாணவர்களுடன் நீண்ட உரையாடல்கள் நடத்தினார்கள். சிறுவயதிலிருந்தே கணினியைக் கழற்றிப் பூட்டிய பையன்களை அளவுகோலாக வைத்து வகுப்பு நடப்பதையும், அதைக் கண்ட மாணவியர் தமக்கு இதில் உண்மையான பற்று இல்லையோ என்று தம்மையே சந்தேகிப்பதையும் பதிவு செய்தார்கள். பல்கலைக்கழகம் பல மாற்றங்களைச் செய்தது. முன் அனுபவத்துக்குத் தந்த அதிக மதிப்பைச் சேர்க்கையில் குறைத்தது. முதலாண்டில் வெவ்வேறு நிலையில் நுழையும் வழிகளை ஏற்படுத்தியது. பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தது. 2000இல் புதிதாகச் சேர்ந்தவர்களில் பெண்கள் 42 விழுக்காடு.

1999இல் கணிதவியலாளர் லெனோர் புளூம் அங்கே பேராசிரியராக வந்தார். கணினித் துறை மாணவியருக்கான அமைப்பு அவர் முயற்சியில் அங்கே உருவானது. அவர் கண்ட ஒரு நுட்பத்தை எல்லா மாணவியர் சங்கங்களும் முதல் பாடமாக வைக்கலாம். பெரும்பான்மையாக இருப்பவர்களுக்குச் சங்கம் தேவைப்படுவதில்லை; ஏனென்றால் அவர்கள் விடுதியே சங்கம். எந்தப் பேராசிரியரிடம் கோடைக்கால வேலை இருக்கிறது, எந்தப் பாடத்தை எதற்கு முன் எடுக்க வேண்டும், போன ஆண்டு நேர்காணலில் என்ன கேட்டார்கள் என்பதெல்லாம் இரவு பத்து மணிக்கு அறைக்கு அறை நடக்கும் பேச்சில் தானாகப் பரவுகிறது. அந்தப் பேச்சு வட்டத்துக்கு வெளியே இருப்பவருக்கு அதே செய்தியை முயன்று கொண்டுசேர்க்க வேண்டியிருக்கிறது. கார்னகி மெலன் மாணவியர் அமைப்பு மூத்தவரையும் இளையவரையும் அக்கா தங்கை போல இணைத்துவிட்டது. பாடத் தேர்வு குறித்து மாணவியரே மாணவியருக்கு ஆலோசனை சொன்னார்கள். பள்ளிகளுக்குப் போய்த் தங்கள் துறையை அறிமுகப்படுத்தினார்கள்.

இந்த ஏற்பாடுகளில் கொண்டாட்டம் குறைவு, அன்றாடம் அதிகம். உறுப்பினரைப் பிடித்து வைத்தது இந்த அன்றாடம்தான்.

ஓர் அக்காவின் எடை

மூத்த மாணவி ஒருத்தியின் துணை எவ்வளவு பெறும் என்று அளந்து பார்த்த சோதனை ஒன்று இருக்கிறது. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் உளவியலாளர் நிலாஞ்சனா தாஸ்குப்தாவும் டாரா டென்னஹியும் நடத்தி 2017இல் வெளியிட்டது. பொறியியல் முதலாண்டு மாணவியர் 150 பேரைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு மூத்த மாணவி வழிகாட்டி, இன்னொன்றுக்கு மூத்த மாணவன் வழிகாட்டி, மூன்றாவதற்கு வழிகாட்டி இல்லை. முதலாண்டின் முடிவில், மாணவி வழிகாட்டியைப் பெற்றவர்களில் ஒருவர்கூடத் துறையை விட்டுப் போகவில்லை. மற்ற இரு பிரிவுகளிலும் பத்தில் ஒருவருக்கு மேல் போயிருந்தார்கள்.

இன்னும் கூர்மையான முடிவு ஒன்று இதில் உண்டு. தங்கியதற்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பு தெரியவில்லை. தான் இந்த இடத்துக்கு உரியவள் என்ற உணர்வும், தன்னால் முடியும் என்ற நம்பிக்கையும்தான் தங்கவைத்தன. மூத்த மாணவனும் அன்போடும் பொறுப்போடும் வழிகாட்டியிருக்கலாம். ஆனால் முதலாண்டு மாணவியின் மனத்தில் இருந்த கேள்வி பாடத்தைப் பற்றியது அல்ல. என்னைப் போன்ற ஒருத்தி இங்கே மூன்றாண்டு கழித்தும் இருப்பாளா என்பதே அவள் கேள்வி. அதற்கு அந்த அக்கா எதிரே உட்கார்ந்திருப்பதே பதில். இதே மாணவியரைப் பட்டம் பெறும்வரையும் அதற்கு ஓராண்டு பின்னும் தொடர்ந்து கவனித்து 2022இல் வெளியான ஆய்வு, ஓராண்டு வழிகாட்டலின் பலன் நீடித்ததைக் காட்டியது.

எண்ணிக்கையின் உளவியலும் இதோடு சேர்கிறது. ஒரு குழுவில் ஒரு பிரிவினர் 15 விழுக்காட்டுக்குள் இருந்தால் அவர்களைத் தனி ஆட்களாக யாரும் பார்ப்பதில்லை, பிரிவின் மாதிரிகளாகவே பார்க்கிறார்கள் என்று ரோசபெத் மோஸ் கான்டர் 1977இல் எழுதினார். பையன் ஒருவன் தப்பாகச் சொன்னால் அவன் தப்பு. பெண் ஒருத்தி தப்பாகச் சொன்னால் பெண்கள் தப்பு. 2015இல் வெளியான ஆய்வு ஒன்றில் தாஸ்குப்தா குழுவினர் பொறியியல் மாணவரை நால்வர் நால்வராக உட்காரவைத்துப் பார்த்தபோது, பையன்களுக்கு நடுவே தனியொருத்தியாக இருந்த முதலாண்டு மாணவியிடம் பதற்றம் கூடுதலாகத் தெரிந்தது. நால்வரில் மூவர் பெண்களாக இருந்த குழுக்களில் மாணவியர் அதிகம் பேசினார்கள்.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் கிரிகரி வால்டன் முதலானோர் 228 முதலாண்டுப் பொறியியல் மாணவரிடையே செய்த ஆய்வு 2015இல் வெளியானது. தொடக்கத்தில் எல்லோருக்குமே இடம் ஒட்டாது, போகப்போக ஒட்டிவிடும் என்ற மூத்த மாணவர்களின் அனுபவங்களை ஒருமுறை கேட்கவைத்தார்கள். பெண்கள் மிகக் குறைவாக உள்ள பிரிவுகளில் மாணவியருக்கும் மாணவருக்கும் இடையிலான மதிப்பெண் இடைவெளி அதனாலேயே சுருங்கியது. செலவில்லாத காரியம், மூத்தவர் வாயைத் திறக்க வேண்டும், அவ்வளவுதான்.

நம் கல்லூரிகளில்

அமெரிக்க, கனடிய ஆய்வுகளை அப்படியே இங்கே பொருத்த முடியாது. நம் எண்களே வேறு. இந்தியப் பொறியியல் பட்டப்படிப்புகளில் படிப்போரில் ஏறத்தாழ 29 விழுக்காட்டினர் பெண்கள் என்று உயர்கல்வி குறித்த அனைத்திந்தியக் கணக்கெடுப்பு 2020-21ஆம் ஆண்டுக்குச் சொல்கிறது. ஐ.ஐ.டி.களில் நிலை மோசமாக இருந்தது. அங்கே பத்தில் ஒருவர்கூடப் பெண்ணாக இல்லாத நிலையை மாற்ற 2018இல் மாணவியருக்குக் கூடுதல் இடங்கள் உருவாக்கப்பட்டன; 2020இல் இலக்கு 20 விழுக்காடு. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடு 2021 முதல் பொறியியலுக்கும் வந்தது. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்கு வரும் மாணவிக்கு மாதம் 1000 ரூபாய் தருகிறது. வீட்டிலேயே முதல் பட்டதாரி ஆகப்போகிற பெண்கள் நம் வகுப்பறைகளுக்கு வருகிறார்கள்.

ஆனால் 29 என்ற சராசரி உண்மையை மறைக்கிறது. எந்தக் கல்லூரிக்குள் போய்ப் பார்த்தாலும் கணினி அறிவியல், தகவல் தொழில்நுட்பம், மின்னணுத் தொடர்பியல் (இ.சி.இ.) வகுப்புகளில் பெண்கள் நிறைந்திருப்பார்கள். மெக்கானிக்கல் வகுப்பில் முதல் பெஞ்சு ஒன்றிலேயே எல்லோரும் அடங்கிவிடுவார்கள். ஆகவே ஒரே கல்லூரியில் இரு வேறு சிக்கல்கள். இ.சி.இ. மாணவி, வகுப்பில் பாதி பெண்களாக இருக்கும்போது தனிச் சங்கம் எதற்கு என்று கேட்பாள். அவளுக்கு வேண்டியது வேலை, தொடர்பு, வாய்ப்பு. மெக்கானிக்கல் மாணவிக்கு வேண்டியது லேத் பட்டறையில் பக்கத்தில் நிற்க ஓர் ஆள். இரண்டு பேரையும் ஒரே சுவரொட்டியால் அழைக்கும் சங்கம் பெரும்பாலும் முதலாமவளைத்தான் பெறுகிறது. கிண்டியில் 1940இல் இருந்த தனிமை இன்று கல்லூரியில் இல்லை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போதே அது மெக்கானிக்கல் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது.

ஆள் சேரும் முறையையும் பார்க்கலாம். கலந்தாய்வு முடிந்து முதலாண்டு வகுப்பு தொடங்கிய சில வாரங்களில் எல்லாச் சங்கங்களும் மேசை போடுகின்றன. சேர்ந்தால் சான்றிதழ் உண்டு, வகுப்புக்கு வராவிட்டாலும் வருகை தரும் ஓ.டி. கிடைக்கும், ரெஸ்யூமில் போடலாம் என்று அழைக்கிறார்கள். மாணவியர் சேர்கிறார்கள், வாட்ஸ்அப் குழு நிரம்புகிறது. சான்றிதழுக்காக வந்தவர் சான்றிதழ் கிடைத்ததும் போய்விடுகிறார். இதில் அவர்மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. எதைக் காட்டி அழைத்தோமோ அதைப் பெற்றுக்கொண்டார்.

அடுத்தது நேரம். நம் சங்கக் கூட்டங்கள் வகுப்பு முடிந்தபின் நடக்கின்றன. கல்லூரிப் பேருந்து அதற்கு முன்பே கிளம்பிவிடுகிறது. பேருந்தை விட்டால் ஊருக்குப் போக இரண்டு வண்டி மாற வேண்டிய பெண்ணும், இருட்டுவதற்குள் வீட்டில் இருக்க வேண்டிய பெண்ணும் முதல் கூட்டத்துக்கு வருவார்கள்; இரண்டாவதற்கு வரமாட்டார்கள். விடுதி மாணவியருக்கோ உள்ளே திரும்ப வேண்டிய நேரம் என்ற வேலி. மாணவனின் பட்டறை இரவிலும் திறந்திருக்கிறது. மாணவியின் பட்டறையை மாலையிலேயே பூட்டிவிடுகிறார்கள். ஆர்வமில்லை என்று செயலாளர் எழுதிவைக்கும் காரணத்தில் பாதி, பேருந்து அட்டவணையில் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேல் ஒன்று. கல்லூரியில் எந்த விழா என்றாலும் வாசலில் சந்தனம், கற்கண்டு, ரோஜாவுடன் நிற்பதும், கோலம் போடுவதும், விருந்தினருக்குப் பொன்னாடைத் தட்டு ஏந்துவதும் மாணவியர் பொறுப்பு. மகளிர் பொறியியல் சங்கம் ஒன்று இருந்துவிட்டால் இந்தப் பணிக்கு ஆள் தேடும் வேலை நிர்வாகத்துக்கு மிச்சம். சங்கத்தின் ஆண்டறிக்கை மார்ச் 8 மகளிர் தின விழாவில் தொடங்கி அதிலேயே முடிகிறது. சால்டரிங் இரும்பைத் தொடலாம் என்று வந்த பெண் தாம்பாளத்தைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறாள். அவள் மறுமுறை வராததில் வியப்பென்ன? புராஜெக்ட் குழுக்களிலும் இதன் மென்மையான வடிவம் நடக்கிறது. பையன்கள் இயந்திரத்தைத் தொடுவார்கள். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று சொல்லி ரெக்கார்டு எழுதும் வேலை பெண்ணுக்குப் போகும். இதை மாற்றுவதற்காகப் பிறந்த சங்கமே அதைத் திரும்பச் செய்தால், பெண் எங்கே போவாள்?

தங்கவைப்பது எது?

இத்தனை நிகழ்வுகளையும் சேர்த்துப் பார்க்கும்போது நான்கு காரியங்கள் துலங்குகின்றன. எதற்கும் பெரிய நிதி தேவையில்லை.

ஆளுக்கு ஆள் அழைப்பது முதலாவது. மெக்கானிக்கல், சிவில் போன்ற பிரிவுகளில் முதலாண்டு மாணவியர் எத்தனை பேர் என்று பார்த்து, அதே பிரிவின் மூன்றாமாண்டு மாணவி ஒருத்தி போய் அவர்களோடு மதிய உணவு சாப்பிட வேண்டும். கொலராடோ மாணவியர் கடிதம் எழுதித் தேடியதை இன்று இரண்டு மாடி ஏறிச் செய்துவிடலாம். சுவரொட்டி ஏற்கெனவே துணிவுள்ளவரைத்தான் அழைத்துவரும். தயங்கி நிற்பவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் வருவார்.

சேர்ந்தவர் கையில் சீக்கிரமாக வேலை தருவது இரண்டாவது. முதல் மாதத்துக்குள் தன் கையால் செய்த ஒரு பொருள் அவரிடம் இருக்க வேண்டும். எரியும் ஒரு சிறு சுற்றுப் பலகையாக இருக்கலாம், பட்டறையில் அரம் பிடித்துச் சரிசெய்த ஓர் இரும்புத் துண்டாக இருக்கலாம். மூன்று பெண்களும் ஒரு பையனும் கொண்ட குழு, அல்லது பெண்கள் மட்டுமான குழு, முதல் முயற்சிக்கு நல்லது. வாய் திறந்து பழகியபின் கலந்த குழுவுக்குப் போகலாம். சிறப்புரை கேட்க உட்காரவைத்தால் உறுப்பினர் பார்வையாளராகத் தங்கிவிடுகிறார். பார்வையாளருக்கு அடுத்த வாரம் வராமலிருக்க அனுமதி தேவையில்லை.

மூன்றாவது, கைமாற்றம். பொறுப்பாளர்களை ஆண்டு இறுதியில் தேர்ந்தெடுத்து அடுத்த ஆண்டு ஒப்படைப்பது போதாது. செயலாளருக்கும் பொருளாளருக்கும் இரண்டாமாண்டிலிருந்து ஒருவர் உடனிருந்து பழக வேண்டும். ஒரு குறிப்பேடு வேண்டும்: அரங்கம் கேட்க யாரிடம் கையெழுத்து வாங்குவது, போன முறை எவ்வளவு செலவானது, எந்த நாளில் கூட்டம் வைத்து ஆள் வரவில்லை என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். வெளியே வேலை பார்க்கும் முன்னாள் மாணவியர் மூவராவது அழைத்தால் பேசும் தூரத்தில் இருக்க வேண்டும். லண்டனில் கரோலின் ஹாஸ்லெட்டின் மேசை செய்த வேலையை இந்த மூன்றும் சேர்ந்து ஓரளவு செய்யும்.

நான்காவது, கணக்கு. 80 பேர் சேர்ந்து மறு ஆண்டு 10 பேர் வந்தால் அந்தச் சங்கம் இளைக்கிறது. 25 பேர் சேர்ந்து 18 பேர் திரும்பினால் அது வளர்கிறது. ஆனால் ஆண்டறிக்கையில் 80 என்ற எண்தான் தடித்த எழுத்தில் அச்சாகும். எத்தனை பேர் திரும்பினார்கள் என்று எழுதும் பழக்கம் வந்தால், ஏன் திரும்பவில்லை என்று கேட்கும் பழக்கமும் தானே வரும். செய்மரும் ஹெவிட்டும் செய்தது அதைத்தான்: இருப்பவர்களோடு நிறுத்திக்கொள்ளாமல் போனவர்களிடமும் போய்க் கேட்டார்கள்.

தனிச் சங்கம் பெண்களை ஒதுக்கிவைக்காதா என்ற ஐயமும் நியாயமானது. சங்கம் மாணவியர் ஒளிந்துகொள்ளும் அறையாக மாறினால் ஒதுக்கத்தான் செய்யும். கார்னகி மெலனில் மாணவியர் அமைப்பு துறைக்கு வெளியே நிற்கவில்லை. துறையின் பொது வாழ்வுக்குள் நுழையும் வாசலாக இருந்தது. இன்னொரு எல்லையும் உண்டு. அங்கே சேர்க்கை முறையும் பாடமும் மாறிய பிறகே சங்கம் பலன் தந்தது. பட்டறைச் சாவியும் பேருந்து நேரமும் நிர்வாகத்தின் கையில் இருக்கின்றன. அவற்றை மாற்றாமல் சங்கத்தை மட்டும் தொடங்கிவைத்துப் படம் எடுத்துக்கொள்ளும் கல்லூரி, வழிகாட்டும் சுமை முழுவதையும் சம்பளமில்லாமல் மூத்த மாணவியர் தோளில் வைக்கிறது. அந்த உழைப்புக்கு மதிப்பெண்ணிலோ வருகைப் பதிவிலோ இடம் தருவது சலுகை ஆகாது, கடன் அடைப்பது.

கிண்டியில் படித்த அந்த மூவரில் திரேசியா கேரளப் பொதுப்பணித் துறையில் தலைமைப் பொறியாளர் பதவிவரை உயர்ந்தார். லலிதா கல்கத்தாவில் தனியார் நிறுவனம் ஒன்றில் நெடுங்காலம் பணியாற்றினார். பக்ரா நங்கல் அணைக்கான மின்பணிகளிலும் அவருக்குப் பங்கு உண்டு. 1964 ஜூனில் அமெரிக்க மகளிர் பொறியாளர் சங்கம் நியூயார்க்கில் நடத்திய முதல் உலக மகளிர் பொறியாளர், அறிவியலாளர் மாநாட்டுக்குப் போனார். இந்தியாவிலிருந்து அவரை அனுப்ப அப்படி ஓர் அமைப்பு இங்கே இல்லாததால் தம் சொந்தப் பொறுப்பில் போனார். மறு ஆண்டு, 1919இல் பிறந்த அந்த லண்டன் சங்கத்தின் முழு உறுப்பினரானார்.

இந்த ஆண்டு மேசை போடப்போகும் செயலாளர்கள் புதிய படிவங்களோடு போன ஆண்டுப் பட்டியலையும் எடுத்துச் செல்ல வேண்டும். அதில் வராமல் நின்றுபோன பெயர்களை முதலில் அழைக்க வேண்டும். லலிதா கிண்டியை விட்டு வந்து, தமக்கென ஒரு சங்கத்தில் இடம் பெற 20 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. இன்று சேரும் மாணவியிடம் இருப்பது 4 ஆண்டுகள்.